டெல்லி பார்க்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஞாயிறு இரவு டெல்லி போய்ச் சேர்கிறோம். திங்கள், செவ்வாய் இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது? (திருநெல்வேலி வாசகர்)

வெளியூர்க்காரர்களை டெல்லி ஏமாற்றும் கிழமை திங்கள்தான். செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. எனவே திங்களைத் தெற்குப் பக்கத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் குதுப்மினார், பிறகு ஹுமாயூன் கல்லறை, அதை ஒட்டியே இருக்கும் சுந்தர் நர்சரி பூங்கா, மாலையில் லோதி தோட்டம். செவ்வாய் காலை செங்கோட்டையும் சாந்தினி சௌக்கும். அன்று மாலை இந்தியா கேட்டும் அதன் பின்னால் உள்ள தேசியப் போர் நினைவிடமும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று மாறி மாறி ஓடினால் பாதி நாள் சாலையிலேயே கழிந்துவிடும். பெரும்பாலான இடங்களுக்கு மெட்ரோ இருக்கிறது. ஆனால் குதுப்மினார் ஸ்டேஷனில் இறங்கியதும் கோபுரம் எதிரே நிற்கும் என்று நினைக்காதீர்கள்; அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும்.

குதுப்மினார் மேலே ஏற விடுவார்களா? (ஈரோடு)

விடமாட்டார்கள். 1981இல் உள்படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் இறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அன்று மூடியதுதான். 72.5 மீட்டர் உயரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், அந்த வளாகத்தில் மினாரைவிட இரும்புத் தூணுக்கே அதிக நேரம் கொடுக்கலாம். ஏழு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, சுமார் 1,600 ஆண்டு வயது. மழையிலும் வெயிலிலும் நிற்கிறது, ஆனாலும் அரித்துப்போகவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருப்பதால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது என்கிறார்கள் உலோகவியலாளர்கள். சந்திரன் என்ற அரசனைப் புகழும் சமஸ்கிருத வரிகள் அதில் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. தூணின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள், நிறம் மாறித் தேய்ந்திருக்கும். தூணில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துவிட்டால் நல்லது நடக்கும் என்று நம்பி, தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்பிடித்தவர்களின் கைவண்ணம் அது. 1997இல் வேலி போட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. எதைத் தவிர்க்கலாம்? (சேலம் வாசகி)

ஜும்மா மசூதியின் படிகளையும் அக்ரசேன் பாவ்லி என்ற படிக்கிணற்றையும் தவிர்த்துவிடுங்கள். ஹுமாயூன் கல்லறையில் மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. அம்மா கீழே தோட்டத்தில் உட்கார்ந்தபடியே கட்டடத்தை ரசிக்கலாம், குறை ஒன்றும் இல்லை. குதுப் வளாகம் பெரும்பாலும் சமதளம். அக்ஷர்தாமில் சக்கர நாற்காலி கிடைக்கும். ஆனால் செல்போன், பை எல்லாவற்றையும் வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் தேடுவது பெரும்பாடு. "பிரிந்தால் இந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும்" என்று உள்ளே நுழைந்ததுமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ராமகிருஷ்ணபுரத்தில் சிறு குன்றின் மேல் சுவாமிநாதனுக்குக் கோயில் இருக்கிறது. டெல்லிவாசிகள் மலை மந்திர் என்பார்கள். கருங்கல்லில் எழுப்பி 1973இல் கும்பாபிஷேகம் செய்த கோயில். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். இங்கும் படிகள் உண்டு. ஆனால் முருகன் என்றால் அம்மா முழங்காலை மறந்துவிடக்கூடும். முடிவு உங்களுடையது!

தேசிய அருங்காட்சியகம் பிள்ளைகளுக்குச் சலிக்காதா? (புதுச்சேரி)

முழுவதையும் காட்ட முயன்றால் பெரியவர்களுக்கே சலிக்கும். ஹரப்பா கூடத்தில் மொஹஞ்சதாரோ நடனப் பெண் சிலையை மட்டும் தேடச் சொல்லுங்கள். பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துப் பெரிய சிலை என்று எண்ணியிருப்பார்கள். உயரம் சுமார் 10.5 சென்டிமீட்டர்தான். இடது கையில் தோள்வரை வளையல்கள். அடுத்து வெண்கலக் கூடத்தில் புதுக்கோட்டைத் திருவரங்குளத்து நடராஜர். காலைத் தூக்கி ஆடாமல், சதுர தாண்டவக் கோலத்தில் நிற்கிறார். அத்தோடு கிளம்பிவிடலாம்.

சின்னப் பிள்ளைகள் என்றால் சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகமே மேல். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு பக்கம் சக்கரங்களும், சாயாமல் தாங்க இன்னொரு பக்கம் சாலையில் உருளும் பெரிய சக்கரமுமாக ஓடிய பாட்டியாலா மோனோரயில் அங்கே இருக்கிறது. இதற்கும் திங்கள் விடுமுறை.

எந்த மாதம் நல்லது? (காரைக்குடி)

பிப்ரவரி, மார்ச். மே, ஜூனில் அனல், டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயிலும் விமானமும் தாமதமாகும், நவம்பரில் புகை.

ஒரே நாளில் தாஜ்மகால் போய்த் திரும்ப முடியுமா? (தஞ்சாவூர்)

தாராளமாக. ஹஜ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் இரண்டு மணி நேரத்துக்குள் ஆக்ரா சேர்த்துவிடும்; மாலையில் அதிலேயே திரும்பலாம். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும், அந்த ரயிலும் அன்று ஓடாது.