செலிக்மனில் ஒரு பர்கர் கடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ரூட் 66 என்ற பழைய அமெரிக்க நெடுஞ்சாலையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கிராண்ட் கேன்யனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பும் வழியில் குடும்பத்தோடு அரிசோனாவில் அந்தச் சாலையோரம் இருக்கும் செலிக்மனில் இறங்கினோம். நீங்கள் சொன்ன டெல்காடியோ குடும்பத்தின் ‘ஸ்னோ கேப்’ கடைக்கும் போனோம். கதவில் போலிக் கைப்பிடி. கடுகு சாஸ் பாட்டிலை அமுக்கினால் மஞ்சள் கயிறு பாய்கிறது. வாசலில் பொம்மை மாதிரி அலங்கரித்த ஒரு பழைய கார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. 1953இல் கட்டிய பர்கர் கடையை எப்படி மரபு என்கிறீர்கள்? ஆயிரம் வருடக் கோயில்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இது வெறும் டூரிஸ்ட் வியாபாரம் இல்லையா?

ஆர். கே., லாஸ் ஏஞ்சலிஸ்

அன்புள்ள ஆர். கே.,

வியாபாரம்தான். நெடுஞ்சாலை ஓரத்துக் கடை வியாபாரம் பண்ணாமல் எப்படி இருக்கும்? ஆனால் இன்டர்ஸ்டேட் 40 என்ற அதிவேக நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த நீங்கள், சில நூறு பேர் வாழும் ஊருக்குள் வண்டியைத் திருப்பினீர்களே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

1978 செப்டம்பர் 22 வரை யாரும் அப்படித் திருப்ப வேண்டியிருக்கவில்லை. ரூட் 66இல் கலிஃபோர்னியாவுக்குப் போகிறவர்கள் செலிக்மன் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். அன்றைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் இன்டர்ஸ்டேட் திறந்தது. அந்த ஒரே நாளில் தெரு காலியானது. கிழக்கே, அதே சாலையில் இருக்கும் வில்லியம்ஸ் ஊர் 1984 வரை தாக்குப்பிடித்தது, பிறகு அதையும் இன்டர்ஸ்டேட் சுற்றிக்கொண்டு போனது. மறுவருடம் ரூட் 66 என்ற எண்ணையே நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1926இல் பிறந்த சாலை, ஏட்டில்கூட இல்லாமல் போயிற்று.

ஸ்னோ கேப்பைக் கட்டிய ஹுவான் டெல்காடியோ சான்டா ஃபே ரயில்வேயில் வேலை பார்த்தவர். அங்கே கழித்துப்போட்ட மரத்தைக் கொண்டுவந்துதான் கடையை எழுப்பினார். நீங்கள் பார்த்த கார் 1936ஆம் வருடத்து ஷெவர்லே, கூரையை அறுத்தெடுத்தது. அவர் தம்பி ஏஞ்செல் அதே தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். 1987 பிப்ரவரியில் சகோதரர்கள் ஊர்க்காரர்களோடு கூடி ஒரு சங்கம் தொடங்கி அரிசோனா அரசை விடாமல் கேட்டார்கள். அந்த வருடமே செலிக்மனிலிருந்து கிங்மன் வரையிலான பகுதியை ‘ஹிஸ்டாரிக் ரூட் 66’ என்று அரசு அறிவித்தது. மற்ற மாநிலங்களில் சங்கங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. ஒன்பது வருடம் வண்டி வராத தெருவில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் நெகிழ்கிறது.

சரி, அந்தக் கோமாளித்தனத்துக்கு வருகிறேன். நான் போனபோது தவறான கைப்பிடியைத்தான் திருகிக்கொண்டு நின்றேன். உள்ளே இரண்டு எட்டு வைத்தால் ஆர்டர் கொடுக்கும் ஜன்னல். மெனுவில் ‘சீஸ் போட்ட சீஸ்பர்கர்’, ‘செத்த கோழி’. ஸ்ட்ரா கேட்டேன், கைநிறைய வைக்கோல் வந்தது, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் ஆயிற்றே. நான் முழித்ததைப் பார்த்துப் பின்னால் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். எந்த ஊர் என்று கேட்டார். மில்க் ஷேக் வருவதற்குள், சின்ன வயதில் அப்பாவின் காரில் பின்சீட்டில் படுத்துக்கொண்டு இதே சாலையில் போன கதை முழுவதையும் சொல்லிவிட்டார். ஏசி இல்லாத கார், ஜன்னலில் நனைத்துத் தொங்கவிட்ட துண்டு. முன்பின் தெரியாத அவரும் நானும் வெளியே பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அந்த வைக்கோல் இல்லையென்றால் நாங்கள் பேசியிருக்க மாட்டோம். இன்டர்ஸ்டேட் ஓரத்தில் காரைவிட்டு இறங்காமல், ஒரு மைக்கிடம் ஆர்டர் சொல்லி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். ரூட் 66 கொடுத்தது வேறு: வழியில் நின்று, அந்த ஊர்க்காரரின் முகத்தைப் பார்த்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவது. ஹுவான் காப்பாற்றியது அந்தப் பழக்கத்தை. அவர் 2004இல் இறந்தார். அதற்குப் பிறகு அவர் பிள்ளைகள் கடையை எடுத்து நடத்தினார்கள், அப்பாவின் அதே குறும்புகளோடு. வேறு குடும்பங்களில் குழம்பின் பக்குவம் கைமாறுவதுபோல இங்கே இது கைமாறியிருக்கிறது.

கருங்கல் கோயில் ஆள் வராவிட்டாலும் நிற்கும். சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்கு அந்த வசதி இல்லை. பர்கர் விற்றால்தான் அடுத்த நாள் உண்டு. அதனால்தான் அதைத் தொடர்ந்து நடத்துவதைப் பெரிய காரியமாக நினைக்கிறேன். தெருவில் வரிசையாக இருக்கும் சாவிக்கொத்துக் கடைகள் எனக்கும் பிடிக்கவில்லை, அதில் உங்கள் கட்சிதான். ஆனால் உங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயணத்தில் வேறு எங்கே சாப்பிட்டோம் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை செலிக்மனில் இறங்கினால் மறுபடி இன்டர்ஸ்டேட்டில் ஏறிவிடாதீர்கள். பீச் ஸ்பிரிங்ஸ், ஹாக்பெரி வழியாகப் பழைய சாலையிலேயே கிங்மன் போங்கள், ஏறத்தாழ 87 மைல். கடையைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.