எனக்கு ஹெபடைடிஸ் பி: லேபர் வார்டு வேலையைத் தொடரலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேபர் வார்டு ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் ரத்த தான முகாமில் ரத்தம் கொடுத்தேன். பிறகு கூப்பிட்டு, ‘உங்களுக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்’ என்றார்கள். நர்சிங் படிக்கும்போதே மூன்று டோஸ் தடுப்பூசி போட்டவள் நான். பிரசவம் பார்ப்பதோடு, இரவு டியூட்டியில் டாக்டர் வரத் தாமதமானால் எபிசியாட்டமி (குழந்தை வெளிவர வழியை அகலப்படுத்தப் போடும் வெட்டு) தையலும் போடுவதுண்டு. மருத்துவமனையில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். சொல்லாமல் இருந்து ஒரு தாய்க்கோ குழந்தைக்கோ என்னால் வந்துவிட்டால்? வீட்டில் மாமியார் வேறு, ‘எங்கிருந்து வாங்கிட்டு வந்தே?’ என்கிறார். வேலையை விட்டுவிடுவதுதான் சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: வேலையை விட வேண்டாம். ஒரே ஒரு காரியத்தை மட்டும் இன்றிலிருந்து நிறுத்துங்கள்: தையல் போடுவது. மறுபடி எப்போது தொடங்கலாம் என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும், அதற்கு வருகிறேன்.

ஏன் தையலை மட்டும் சொல்கிறேன் என்றால், உங்கள் ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு கலந்தால்தான் கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் அவருக்குப் போக முடியும். தொட்டால் போகாது, பேசினால் போகாது, குழந்தையைத் தூக்கிக் கொடுத்தால் போகாது. ஊசி போடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். புது ஊசி கவரிலிருந்து வருகிறது, நோயாளிக்குள் போகிறது, வெளியே வந்ததும் ஊசியை வெட்டிப்போடும் ஹப் கட்டருக்குப் போகிறது. போட்டு முடித்த பிறகு அது உங்கள் விரலில் குத்தினால் ஆபத்து உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போடுவது, ரத்தம் எடுப்பது, டிரிப் மாற்றுவது, டிரெஸ்ஸிங் எல்லாம் இந்த வகைதான்.

தையல் அப்படியல்ல. இடது கை விரலால் சதையை விலக்கிப் பிடித்திருப்பீர்கள், வலது கையில் நீடில் ஹோல்டர். உள்ளே ஆழமாகப் போன ஊசியின் முனை எங்கே வெளிவருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும், லைட்டும் பாதி நேரம் சரியாக விழாது. விரல் நுனியால் தடவித்தான் முனையைத் தேடுவோம். அந்த நொடியில் கையுறையைத் தாண்டி லேசாகக் குத்தினால் நமக்கே தெரியாமல் போகலாம். அதே ஊசி அடுத்த தையலுக்கு அதே தாயின் சதைக்குள் போகிறது. ஆபத்து இதில்தான் இருக்கிறது.

கூரான முனையும் விரல் நுனியும் கண்ணில் படாத இடத்தில் ஒன்றாக இருக்கும் வேலைகளை பிரிட்டனின் வழிகாட்டுதல் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. சிசேரியன், கர்ப்பப்பை அகற்றுவது, எலும்புச் சில்லுகள் குத்தக்கூடிய எலும்பு முறிவு அறுவைகள் எல்லாம் அதில் வரும். மருத்துவச்சிகளின் வேலையையும் அது துல்லியமாகப் பிரிக்கிறது: சாதாரண பிரசவம் பார்ப்பது அதில் வராது, மரத்துப்போகும் ஊசி போடுவது வராது, கத்தரிக்கோலால் எபிசியாட்டமி வெட்டுவதுகூட வராது. வெட்டியதையோ கிழிந்ததையோ தைப்பது மட்டும் வரும். சிசேரியனில் டேபிளில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பது சரி. ரிட்ராக்டர் (சதையை விலக்கிப் பிடிக்கும் கருவி) பிடிக்க ஆளில்லை என்று உங்கள் கையை வயிற்றுக்குள் வைக்கச் சொன்னால், இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்தது பரிசோதனை. ரத்த தானத்தில் பார்ப்பது ‘எச்பிஎஸ்ஏஜி’ மட்டும். வைரஸ் இருக்கிறது என்று அது சொல்லுமே தவிர, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. சமீபத்தில் தடுப்பூசி ஏதும் போட்டிருந்தால், அதனாலேயே சில நாட்களுக்கு எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. அதனால் முதலில் அதையே இன்னொரு முறை பாருங்கள். உறுதியானால் எச்பிஇஏஜி (வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டுவது), கல்லீரல் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் பார்க்க வேண்டும். முக்கியமாக எச்பிவி டிஎன்ஏ, அதாவது வைரல் லோடு: ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற கணக்கு. உங்கள் கேள்விக்கு விடை அந்த எண்தான். தைப்பது போன்ற வேலைகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் வைத்த வரம்பு ஒரு மில்லிக்கு 1000 யூனிட். பிரிட்டன் இன்னும் கறாராக 200 என்கிறது. நான் 200-ஐயே பிடித்துக்கொள்ளச் சொல்வேன். மாத்திரை எடுத்துக்கொண்டாலே அதற்குக் கீழே வந்துவிடுகிறவர்கள் ஏராளம், அப்படியிருக்க ஆயிரத்தோடு ஏன் திருப்திப்பட வேண்டும்?

பலருக்கு மாத்திரையே இல்லாமல் வைரல் லோடு குறைவாகத்தான் இருக்கும். அதிகம் இருந்தால் டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர், தினம் ஒன்று. சில மாதங்களில் எண் நன்றாக இறங்கும். ஹெபடைடிஸ் பி முழுசாகப் போய்விடுவது அபூர்வம். ஆனால் அடங்கிப்போன வைரஸ் உங்கள் கல்லீரலுக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது. எண் குறைந்து தையலைத் தொடங்கிய பிறகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். தெரிந்த முகம் எதிர்ப்படும் என்று தயங்கினால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், ஒரு மணி நேரம்தான். யாராவது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அதை நம்பி வைரல் லோடு பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நம் பக்கத்தில் காமாலை என்றாலே மருந்து கட்டக் கிளம்பிவிடுவார்கள். உங்களுக்குக் காமாலையே இல்லை என்பதுதான் வேடிக்கை.

தடுப்பூசி போட்டும் எப்படி வந்தது? பெரும்பாலும் ஊசிக்கு முன்பே உடம்பில் இருந்திருக்கும். ஏற்கெனவே தொற்று இருப்பவருக்கு இந்தத் தடுப்பூசி கெடுதலும் செய்யாது, பலனும் தராது. கல்லூரிகளில் பரிசோதிக்காமலேயே வரிசையில் நிற்க வைத்துப் போட்டுவிடுவார்கள். மாமியாருக்கும் இதில் பதில் இருக்கிறது. பெரியவர்களுக்கு இந்தத் தொற்று வந்தால் நூற்றில் 95 பேருக்குத் தானாகவே போய்விடும். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால் நூற்றில் 90 பேருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு வந்ததே 2011 டிசம்பரில்தான். ஆகவே ஆறு மாதம் கழித்தும் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவாகவே இருந்தால், நீங்கள் யூனிஃபார்ம் போடுவதற்கு வெகு முன்பே, கைக்குழந்தையாக இருந்தபோதே வந்திருக்க வாய்ப்பு அதிகம். யாரும் யாரையும் சந்தேகப்பட இதில் ஒன்றுமில்லை.

அப்புறம், மருத்துவமனையில் சொல்வது. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. தொற்றுக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் டாக்டர் அல்லது மருத்துவக் கண்காணிப்பாளர், இவர்களில் ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். ‘எச்பிவி டிஎன்ஏ ரிசல்ட் வரும்வரை தையல் வேண்டாம், மற்ற டியூட்டி எல்லாம் பார்க்கிறேன்’ என்று சொன்னால் போதும். பயந்துபோய் விஷயத்தோடு போவதற்கும், வழியோடு போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நிர்வாகம் செய்யக்கூடிய மோசமான காரியம் வேலையை விட்டு நிறுத்துவது. நீதி நியாயம் ஒருபக்கம் இருக்கட்டும், நோயாளிகளுக்கே அது கெடுதல். ஒருவரை அனுப்பினால் மற்ற பத்துப் பேரும் பரிசோதனைப் பக்கமே போக மாட்டார்கள். தெரியாமல் தைப்பவர்தான் உண்மையான ஆபத்து.

சட்டத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், எச்.ஐ.வி. உள்ள ஊழியரை அந்தக் காரணத்துக்காக வேலைநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. மற்றவருக்குத் தொற்ற கணிசமான ஆபத்து உண்டு, அல்லது அந்த வேலைக்கு உடல் தகுதி இல்லை என்று, தகுதியும் சார்பின்மையும் உள்ள மருத்துவர் எழுத்தில் மதிப்பிட்டு, அதன் நகலை அவருக்குத் தந்தால் மட்டுமே விலக்கு. ஆனால் இது எச்.ஐ.வி.க்கு மட்டும், ஹெபடைடிஸ் பி-க்குப் பொருந்தாது. உங்கள் நிர்வாகத்திடம் பேச அந்த அணுகுமுறை கைகொடுக்கும்: ஆளைப் பார்க்காதீர்கள், எந்த வேலை, எவ்வளவு வைரஸ் என்று பாருங்கள். பிரிட்டனில் 2014-லிருந்து எச்.ஐ.வி. உள்ள அறுவை நிபுணர்களே மருந்தில் வைரஸ் அடங்கியிருந்தால், மூன்று மாதத்துக்கொரு முறை பரிசோதித்துக்கொண்டு ஆபரேஷன் செய்ய அனுமதி உண்டு. ஹெபடைடிஸ் சி என்றால் இன்னும் எளிது. மூன்று மாத மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுசாகக் குணமாகிறார்கள், குணமானபின் கட்டுப்பாடே தேவையில்லை.

மூன்றிலும் ஹெபடைடிஸ் பி-தான் வேகமானது. தடுப்பூசி போடாத ஊழியரை, தொற்றுள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால் பி வர நூற்றுக்கு 30 வரை வாய்ப்பு. சி-க்கு சுமார் 2, எச்.ஐ.வி.க்கு 0.3. இது நோயாளியிடமிருந்து நமக்கு வரும் கணக்கு. நம்மிடமிருந்து நோயாளிக்குப் போவது அதைவிட மிக அபூர்வம். 1990-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு பல் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றவர்களுக்கு எச்.ஐ.வி. வந்தது தெரிந்து உலகமே அலறியது. கடைசியில் எண்ணிக்கை 6. ஆனால் ஸ்பெயினின் வாலன்சியாவில் ஒரே மயக்க மருந்து டாக்டரிடமிருந்து 275 பேருக்கு ஹெபடைடிஸ் சி போனது. நோயாளிகளுக்கான வலி மருந்தைத் தனக்கும் ஏற்றிக்கொண்டு, மிச்சத்தை அவர்களுக்குக் கொடுத்தார். வைரஸ் இருந்ததைவிட ஊசியையும் மருந்தையும் கையாண்ட விதம்தான் அங்கே வினையானது. 2009-ல் குஜராத்தின் மொடாசாவில் ஹெபடைடிஸ் பி பரவியதற்கும் ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதுதான் காரணம், எந்த ஊழியருக்கும் வைரஸ் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. உங்கள் வார்டில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் பாட்டிலின் மூடியில் ஒரு ஊசி நிரந்தரமாகச் செருகியிருக்கிறதா? முதலில் அதைப் பிடுங்கிப் போடுங்கள்.

மற்றபடி எல்லோரும் செய்ய வேண்டியதுதான். கையில் வெட்டு, சேற்றுப்புண், நகக்கண் கிழிசல் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி அதன்மேல் கையுறை. தையலைத் திரும்பத் தொடங்கும்போது இரண்டு கையுறை, சதையை விரலால் அல்ல, ஃபோர்செப்ஸால் பிடிப்பது, ஊசியைக் கைக்குக் கை கொடுக்காமல் டிரேயில் வைத்து எடுப்பது. தைக்கும்போது குத்திவிட்டால் அந்த ஊசி திரும்ப நோயாளியிடம் போகக் கூடாது, கையுறையோடு அதையும் மாற்றுங்கள். உங்கள் ரத்தம் அவருடைய காயத்தில் பட்டிருக்கலாம் என்று தோன்றினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் தடுப்பூசி போடாதவர் என்றால் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலை ஆன்டிபாடி) தடுப்பூசியும் உடனே போட்டால் தொற்று பெரும்பாலும் தடைபடும். அதை மறைத்தால்தான் மன்னிக்க முடியாது. சிந்திய ரத்தத்தை வெறும் டெட்டால் தண்ணீரில் துடைக்காமல் 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் துடைக்கச் சொல்லுங்கள். காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும்.

சக நர்ஸுகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் தடுப்பூசி போட வேண்டியது மருத்துவமனையின் கடமை. மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 அப்படித்தான் சொல்கின்றன, சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. போட்டால் மட்டும் போதாது. மூன்றாவது டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பார்க்க வேண்டும், 10-க்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்பு. இந்தக் கடைசிப் பரிசோதனையைத்தான் நம் பக்கத்து மருத்துவமனைகள் பல விட்டுவிடுகின்றன.

வீட்டில் உங்கள் கணவருக்கும் குழந்தைகளுக்கும் எச்பிஎஸ்ஏஜி பார்த்துவிட்டு, நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போடுங்கள். தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டாம், பிளேடும் பல் துலக்கும் பிரஷும் மட்டும் தனி. இன்னொரு குழந்தை யோசனை இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பிறந்த 24 மணி நேரத்துக்குள் அதற்கு முதல் டோஸ் போக வேண்டும். உங்கள் அம்மாவையும் கூடப் பிறந்தவர்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களில் யாருக்காவது இருந்து, இதுவரை தெரியாமலே இருக்கலாம்.