“நான் வரலைம்மா, நீங்க போயிட்டு வாங்க” என்கிறார் அம்மா

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். வரும் மே மாத விடுமுறையில் நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், என் அம்மா (வயது 66) என ஐந்து பேரும் சிங்கப்பூர் போக முடிவு செய்து, பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டோம். இதுவரை நாங்கள் யாரும் விமானம் ஏறியதில்லை. எங்கள் தெருவில் வெளிநாடு போய் வந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் விவரம் கேட்டால் தலைதான் சுற்றுகிறது. ஒருவர் கொழும்பு வழியாகப் போனால் டிக்கெட் மலிவு என்கிறார். இன்னொருவர், அப்படிப் போனதால்தான் தன் பெட்டி இரண்டு நாள் கழித்து வந்தது என்கிறார். எதிர்வீட்டு அண்ணன் விசாவே வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறார். ஒரு அக்கா, இமிகிரேஷனில் தன்னை ஒரு மணி நேரம் தனியாக உட்கார வைத்த கதையை அழாத குறையாகச் சொன்னார். எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “நான் வரலைம்மா, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். “ஒரு நாள் உன்னைக் கப்பல்ல சிங்கப்பூர் கூட்டிட்டுப் போறேன்” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்து, போகாமலேயே காலமாகிவிட்டார். இந்தப் பயணத்தைத் திட்டமிட்டதே அதனால்தான். யார் பேச்சைக் கேட்பது? அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் தெருவில் யாரும் பொய் சொல்லவில்லை, சகோதரி. ஒவ்வொருவரும் தாங்கள் போன பயணத்தைச் சொல்கிறார்கள். உங்கள் பயணத்துக்கு அது அப்படியே பொருந்துமா என்று பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

எதிர்வீட்டு அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் போனது மலேசியாவாக இருக்கும் என்று நினைக்கிறேன். சுற்றுலா வரும் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்று 2023 டிசம்பர் முதல் மலேசியா அனுமதிக்கிறது. சிங்கப்பூருக்கு அப்படி இல்லை. கிளம்பும் முன்பே விசா வாங்கியாக வேண்டும். சிங்கப்பூர் தூதரகம் அங்கீகரித்த ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்கலாம். அண்ணன் பேச்சை நம்பி விசா இல்லாமல் மீனம்பாக்கம் போனால், செக்-இன் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கொழும்பு விஷயத்தில் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். சென்னையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து சிங்கப்பூர் என்று முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், சென்னையில் போடும் பெட்டியைப் பொதுவாக சிங்கப்பூரில்தான் எடுப்பீர்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவதும் விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினால் கதை வேறு. கொழும்பில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அதற்கு இலங்கைக்குள் நுழையும் அனுமதியும் வேண்டும். விமானம் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை. என் அபிப்பிராயம் கேட்டால், 66 வயது அம்மாவுக்கு இது முதல் பயணம், நேரடி விமானத்தில் போங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இண்டிகோவும் சென்னையிலிருந்து நேரடியாகப் பறக்கின்றன. ஏறக்குறைய நாலரை மணி நேரம், ரயிலில் திருச்சிக்குப் போகிற நேரம்தான். மிச்சமாகும் பணத்துக்காக, தெரியாத ஊர் விமான நிலையத்தில் நடுராத்திரி நாற்காலியில் அம்மாவைச் சாய்த்து வைக்க வேண்டாம்.

அந்த அக்காவிடம் மட்டும் மறுபடி போய்ப் பேசுங்கள். என்ன கேட்டார்கள், இவர் என்ன சொன்னார், கையில் என்ன காகிதம் இருந்தது என்று பொறுமையாகக் கேளுங்கள். அதிகாரிகள் பெரும்பாலும் கேட்பது எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், எப்போது திரும்புகிறீர்கள், யாருடன் வந்திருக்கிறீர்கள் என்பதைத்தான். ஹோட்டல் புக்கிங் போனில் இருந்து, இறங்கும்போது போனில் சார்ஜ் இல்லாமல் போனால் திணறத்தான் செய்வோம். ஐந்து பேருக்கும் திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் முகவரி, விசா மூன்றையும் காகிதத்தில் அச்செடுத்து ஆளுக்கு ஒரு கவரில் போட்டுவிடுங்கள். கவுன்ட்டரில் அம்மாவைத் தனியாக நிறுத்தாமல் உங்களோடு சேர்ந்தே நிற்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

விதிமுறைகளைத் தெருவில் கேட்காதீர்கள். விசா, பெட்டி எடை, நுழைவுப் படிவம் எல்லாம் அடிக்கடி மாறுகிறவை. போன வருஷம் போனவர் சொல்வது இந்த வருஷம் பழைய செய்தியாகியிருக்கும். அவற்றை சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் இணையதளத்திலும் உங்கள் விமான நிறுவனத்தின் தளத்திலும் பாருங்கள். தெருவில் கேட்க வேண்டியவை வேறு. ஒரு நாளைக்கு எவ்வளவு நடந்தீர்கள், காலையில் இட்லி எங்கே கிடைத்தது, எந்த ஹோட்டலில் லிஃப்ட் இருந்தது, பிள்ளைகள் எந்த இடத்தில் சலித்துப்போனார்கள் என்று கேளுங்கள். எந்த அரசாங்க இணையதளமும் இதைச் சொல்லாது. இதில் உங்கள் தெருக்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை.

நுழைவுப் படிவம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சிங்கப்பூர் போகிறவர்கள் எஸ்.ஜி. அரைவல் கார்டு என்பதை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும், காசு கிடையாது. அதே போலத் தோற்றம் தரும் போலித் தளங்கள் பணம் கேட்கும், ஏமாந்துவிடாதீர்கள். இந்தக் கார்டு விசாவுக்குப் பதில் ஆகாது, இரண்டும் வேண்டும்.

டிக்கெட் போடும்போது பெயரைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். நாம் இனிஷியல் போட்டே பழகியவர்கள். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ முழுசாக நிற்கும். சிலருக்கு சர்நேம் என்ற இடமே காலியாக இருக்கும். உங்கள் அம்மா வயதுப் பெண்களுக்கு ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருப்பது சர்வசாதாரணம். டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் பாஸ்போர்ட் மட்டும்தான் கணக்கு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து அடியுங்கள். சர்நேம் காலியாக இருந்தால் அந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று விமான நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டுவிட்டுப் போடுங்கள். நாளைக்கே உங்கள் வீட்டில் யாராவது சிங்கப்பூர் வேண்டாம், துபாய் போகலாம் என்றால் இது இன்னும் முக்கியம். பெயர் ஒரே சொல்லாக மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடைக்காது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றை அது நேரடியாகப் பாதித்தது.

அடுத்தது தேதி. சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புபவை. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:30 என்று இருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு. 15ஆம் தேதி ராத்திரி சாவகாசமாகக் கிளம்பிப் போய், விமானம் நேற்று நள்ளிரவே போய்விட்டது என்று கேட்டு இடிந்துபோன குடும்பங்கள் உண்டு. காலண்டரில் கிளம்பும் நாளை வட்டம் போடும்போது 14ஐப் போடுங்கள்.

பெட்டியைப் பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள், நான் சுருக்கிவிடுகிறேன். அங்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்கு மசாலா அரைத்துக்கொண்டு போவதாக இருந்தால் அதில் கசகசா சேர்க்காதீர்கள், சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். சூயிங்கம், மெல்லும் புகையிலை, இ-சிகரெட் மூன்றும் கூடாது. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், உள்ளே போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. அம்மாவின் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரையோ கடுமையான வலி மாத்திரையோ சாப்பிடுகிறார் என்றால், சிங்கப்பூருக்கு முன்அனுமதி வேண்டுமா என்று அவர்களின் சுகாதார அறிவியல் ஆணையத் தளத்தில் இப்போதே பார்த்துவிடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது அம்மாவுக்கு இருக்கும் சுகர், பிரஷர் எதையும் மறைக்காதீர்கள்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

“நான் வரலை” என்று நம் அம்மாக்கள் சொல்லும்போது பெரும்பாலும் விமானம் விழுந்துவிடும் என்று பயந்து சொல்வதில்லை. நடக்க முடியாமல் நின்றுவிடுவோமோ, பாத்ரூம் போக வேண்டி வந்தால் எப்படி, பாஷை தெரியாமல் பிள்ளைக்குத் தலைவேதனை ஆகிவிடுவோமோ, நமக்காக எத்தனை ஆயிரம் செலவு செய்கிறார்கள் என்று ஒரு பெரிய கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டி தொலைந்ததையும் தனி அறையில் உட்கார வைத்ததையும் எல்லோரும் பேசியிருக்கிறார்கள். அம்மாவிடம் யாராவது பேசினார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஒரு நாள் தள்ளி வையுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, “எதை நெனச்சும்மா வரலைன்னு சொன்ன?” என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

முழங்கால்தான் பயம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. டிக்கெட் போடும்போதே வீல்சேர் உதவி வேண்டும் என்று பதிவு செய்யலாம். செக்-இன் கவுன்ட்டரிலிருந்து விமான வாசல்வரை ஊழியர் அழைத்துப் போவார், சாங்கியில் இறங்கியதும் அங்கே ஒருவர் வருவார். சாங்கி மிகப் பெரிய விமான நிலையம், நல்ல கால் உள்ளவர்களுக்கே நடை அதிகம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதை நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

பாத்ரூம்தான் கவலை என்றால், அதை வெளிப்படையாகப் பேசுங்கள். பல வயதான பெண்கள் போக வேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். விமானத்துக்குள் காற்று வறண்டது, நாலரை மணி நேரம் அப்படி இருந்தால் தலைவலி வரலாம். நடைபாதை ஓர சீட்டாக, கழிப்பறைக்குப் பக்கமாகப் பார்த்துப் போடுங்கள். அதன் கதவை எப்படித் தள்ளித் திறப்பது, ஃப்ளஷ் அழுத்தினால் திடீரென்று பெரிய சத்தம் வரும் என்பதையெல்லாம் முன்பே சொல்லிவையுங்கள். முதல் தடவை நீங்களும் கூட எழுந்து போங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று கவலைப்படுகிற பெண்கள் நிறைய. பெண்களைத் திரைக்குப் பின்னால் பெண் காவலர்தான் சோதிப்பார். தாலியைப் பொதுவாகக் கழற்றச் சொல்வதில்லை. புடவையில் குத்தும் ஊக்கைக் குறைத்துக்கொண்டால் கருவி சத்தம் போடுவதும் குறையும். கனமான நகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமானம் இறங்கும்போது காது அடைக்கும், அப்போது வாயில் போட்டுக்கொள்ள நாலு புளிப்பு மிட்டாய் கைப்பையில் இருக்கட்டும்.

பாஷை பற்றிய பயத்துக்குப் பதில் எளிது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் தங்கினால் அம்மா கடைக்குப் போய்த் தமிழிலேயே பூ வாங்கலாம்.

எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயம் என்றால், நீங்கள் இருக்கும் இடமே உதவுகிறது. தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் நேராக விமான நிலையத்தில் இறங்கலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை ரயில் வந்ததிலிருந்து வடசென்னைக்கு இந்த வசதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சும்மா போய் வாருங்கள். எஸ்கலேட்டரில் ஏறி இறங்கட்டும், பை சோதனையைப் பார்க்கட்டும், விமான நிலைய ஸ்டேஷனில் இறங்கி முனையத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். ஆயிரம் தைரியம் சொல்வதைவிட இது வேலை செய்யும்.

அப்புறம், உங்கள் அப்பா. அவர் வாக்குக் கொடுத்த காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சிங்கப்பூருக்கு எம்.வி. சிதம்பரம் என்ற பயணிகள் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு ரஜூலா கப்பல். ராயபுரம், காசிமேடு பக்கம் வயதானவர்களைக் கேட்டால், துறைமுகத்துக்குப் போய் ஆட்களை வழியனுப்பிய கதை சொல்வார்கள். 1984 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது, அதன் பிறகு அந்தப் போக்குவரத்தே நின்றுபோனது. உங்கள் அப்பா கூட்டிப்போக நினைத்தபோது கப்பல் இல்லாமல் போயிருக்கலாம். இதை அம்மாவிடம் பேசிப் பாருங்கள். அவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

எல்லாம் பேசிய பிறகும் அவர் வரவில்லை என்றால் அதை மதித்து ஏற்றுக்கொள்ளுங்கள். அப்பாவின் பெயரைச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அது அவருக்கு வலிக்கும். வருகிறேன் என்றால், எந்த ஹோட்டல், என்னென்ன பார்ப்பது என்பதில் பாதி முடிவை அவரிடம் விடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். மதியம் வெயிலுக்கு அறைக்குத் திரும்பி எல்லோரும் கொஞ்சம் படுத்து எழுந்து, சாயங்காலம் மறுபடி கிளம்பலாம்.

ஊர் திரும்பும் விமானம் நள்ளிரவில் சென்னையில் இறங்கினால் அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது. தண்டையார்பேட்டை வரை வர ஒரு வண்டிக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.