கவுன்சலரிடம் சொன்னது புகார் ஆகாது

கேள்வி: பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். துறைத் தலைவர் பல மாதங்களாகப் பாலியல் தொல்லை கொடுத்தார். கடைசியாக ஏப்ரல் 11 அன்று அறைக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்தார். மே மாதமே பல்கலைக்கழகக் கவுன்சலிங் மையத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று ஆகஸ்ட் 20, ஒன்றும் நடக்கவில்லை. முதல் வகுப்பையும் கடைசி வகுப்பையும் எனக்கே போட்டு வதைக்கிறார், லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுவதில்லை. விஷயம் வெளியே தெரியாமல் நியாயம் கிடைக்குமா?

பதில்: சகோதரி, டைம்டேபிள், லீவு லெட்டர் எல்லாம் அப்புறம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியம் ஏப்ரல் 11 என்ற தேதி ஒன்றுதான்.

கவுன்சலரிடம் பேசியது உங்கள் மனதுக்கு மருந்து. சட்டத்தின் கண்ணில் அது புகார் இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள், இத்தகைய புகார்களை விசாரிக்கும் பல்கலைக்கழகத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஜூலை 11 போய்விட்டது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் தரலாம். அதாவது அக்டோபர் 11 வரை. அதற்குமேல் குழு நினைத்தாலும் முடியாது.

‘இப்போதும் வதைக்கிறாரே, அதிலிருந்து நாள் கணக்கிடக் கூடாதா?’ என்று கேட்பீர்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கொல்கத்தாவில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர் துணைவேந்தர் மீது கொடுத்த புகாரில் கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் கொடுத்தது டிசம்பர். பிறகு தன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியதும் அதன் தொடர்ச்சிதான் என்று வாதாடினார். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நடந்ததை மறந்துவிடக் கூடாது என்று நீதிபதிகளே சொன்னார்கள். ஆனாலும் புகார் காலங்கடந்ததுதான் என்று தீர்ப்பானது.

என்னிடம் வந்த பெண்கள் பலர் இப்படித்தான் மாதங்களைத் தொலைத்தார்கள். சீனியர் பேராசிரியர் ஒருவர் வருவார், ‘நான் பேசித் தீர்க்கிறேன்மா, செமஸ்டர் முடியட்டும்’ என்பார். செமஸ்டர் முடியும், கெடுவும் முடியும். உங்களுக்கு வேண்டியது துறைத் தலைவர் முகத்தில் விழிக்காமல் வேலை பார்ப்பது மட்டும்தான் என்றால், சமரசம் செய்துகொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் முதலில் புகார், அப்புறம் சமரசம். நீங்களே கேட்டு, குழு மூலம், எழுத்தில் நடக்க வேண்டும். பணம் கைமாறக் கூடாது, சட்டம் அதை அனுமதிக்கவில்லை. சமரசம் பதிவானபின் விசாரணை கிடையாது என்பதால், எந்தத் துறைக்கு மாற்றம், என்றைக்குள் என்பது அதிலேயே இருக்கட்டும்.

ரகசியம் பற்றி: உங்கள் பெயரை யாரும் வெளியிட முடியாது, தகவல் உரிமைச் சட்டத்திலும் வாங்க முடியாது. ஆனால் புகார் நகல் ஏழு வேலை நாளில் அவர் கைக்குப் போகும். அதனால் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ புகாரோடு சேர்த்தே கேளுங்கள். உங்கள் பணி மதிப்பீட்டை அவர் எழுதக் கூடாது என்றும் கேளுங்கள். நீங்களும் துறை வாட்ஸப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள்.

நாளைக் காலை கவுன்சலரைப் பாருங்கள். மே மாதத்திலிருந்து நீங்கள் வந்த தேதிகளைக் குறித்து ஒரு கடிதம் வாங்குங்கள்; தாமதத்துக்கு அதைவிட நல்ல சான்று உங்களிடம் இல்லை. புகாரில் ஆறு பிரதி எடுத்து, இந்த வாரமே கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.