எவரெஸ்ட்டும் காலடிப்பேட்டையும்

போன இதழில், 'பாரிமுனையில் இருப்பது முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி இல்லை, 1788-ல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வெள்ளைக்கார வியாபாரி' என்று ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த வாரம் வந்ததெல்லாம் பெயர்க் கேள்விகள்தான்.

கேள்வி: 'பெருமாளின் காலடி பட்ட ஊர், அதனால்தான் காலடிப்பேட்டை' என்கிறார் என் பாட்டி. உண்மையா? (வாசகி, காலடிப்பேட்டை)

பாட்டியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் அந்தக் காலடி ஒரு ஆங்கிலேயருடையது. ஜோசப் காலெட் என்பவர் 1717 முதல் 1720 வரை இங்கே கவர்னராக இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும், துணிக்கு நெசவாளர்கள் வேண்டும், அவர்களைத் திருவொற்றியூருக்குப் பக்கத்தில் குடியேற்றி, இடத்துக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். 'காலெட்பேட்டை, காலெட்பேட்டை' என்று நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தானாகக் காலடியில் போய் நிற்கும். அங்கேயே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் இருக்க, பாட்டியின் கதைக்குக் கேட்பானேன்! எனக்குப் பிடித்தது மெட்ரோ ஸ்டேஷன் பலகைதான். ஆங்கிலத்திலும் 'காலடிப்பேட்' என்றே எழுதியிருக்கிறார்கள். தமிழுக்குள் போன துரை, 300 வருஷம் கழித்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு வரும்போது ஆளே அடையாளம் தெரியவில்லை.

கேள்வி: எவரெஸ்ட் என்பவர்தான் அந்த மலையைக் கண்டுபிடித்தாரா? (பள்ளி மாணவர், வியாசர்பாடி)

இல்லை தம்பி. அவர் அந்தச் சிகரத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்கிறார்கள். ஜார்ஜ் எவரெஸ்ட் 1830 முதல் 1843 வரை இந்தியாவின் சர்வேயர் ஜெனரல். அவர் நடத்திய அந்தப் பெரிய நில அளவை தொடங்கியதே நம்ம ஊரில்தான், 1802-ல் பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் என்ற அதிகாரி சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போய் இந்தச் சிகரத்தை அளந்தபோது எவரெஸ்ட் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் இருந்தார். '15-ஆம் சிகரம்' என்று குறித்து வைத்திருந்த அதுதான் உலகத்திலேயே உயரம் என்று 1852-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. உயரம் 29,002 அடி என்று 1856-ல் அறிவித்தார்கள். இன்றைய கணக்கு 8,848.86 மீட்டர், அதாவது சுமார் 29,032 அடி. அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்டத்தில் வந்தது சாதாரண விஷயமா?

பெயர் வைத்தது அடுத்த சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா. திபெத்தில் சோமோலுங்மா என்று அழைத்துவந்த மலைக்கு, உள்ளூர்ப் பெயர் தெரியவில்லை என்று சொல்லித் தன் பழைய மேலதிகாரியின் பெயரைச் சூட்டினார். அந்த மேலதிகாரியே வேண்டாம் என்றார் என்பதுதான் வேடிக்கை: என் பெயரை இந்தியில் எழுத வராது, உள்ளூர் ஜனங்கள் வாயில் நுழையாது என்றார். யாரும் கேட்கவில்லை, 1865-ல் பெயர் உறுதியாகிவிட்டது. கடைசியில் அவர் பெயரைத் தப்பாகச் சொன்னது உலகம் முழுக்க! அவர் குடும்பத்தார் உச்சரித்தது 'ஈவ்ரெஸ்ட்'. காலெட் துரைக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஸ்டான்லி பெரிய டாக்டரா? (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

டாக்டர் இல்லை, கவர்னர். ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி, 1929 முதல் 1934 வரை. ஆனால் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. என்னைக் கேட்டால் கவர்னரைவிடக் கஞ்சிக்குத்தான் அந்தப் பெயர்ப் பலகையில் பாத்தியதை அதிகம்.

கேள்வி: வட சென்னையில் யார் பெயரிலாவது மலை உண்டா? (வாசகர், எருக்கஞ்சேரி)

மலையே கிடையாதே. இருப்பது கொடுங்கையூர்க் குப்பைமேடு. அதற்கு எந்தத் தலைவரின் பெயரும் வைக்காமல் விட்டார்களே, அதுவரை நிம்மதி.

கேள்வி: பிரகாசம் சாலை என்றால் ஆட்டோக்காரர் முழிக்கிறார், பிராட்வே என்றால்தான் வண்டியைக் கிளப்புகிறார். பெயர் மாற்றுவது வீண் வேலைதானே? (வாசகி, மண்ணடி)

பாதி ஒத்துக்கொள்கிறேன். தஜிகிஸ்தானில் 7,495 மீட்டரில் ஒரு சிகரம், முதலில் ஸ்டாலின் பெயர், 1962-ல் கம்யூனிசம் சிகரம், 1998-ல் இஸ்மோயில் சோமோனி என்ற பழைய அரசரின் பெயர். அமெரிக்காவில் அலாஸ்காவின் தெனாலி சிகரம், மெக்கின்லி என்று இருந்து 2015-ல் தெனாலியாகி 2025-ல் மறுபடி மெக்கின்லி ஆகிவிட்டது (நம்ம தெனாலிராமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கேட்டு எழுத வேண்டாம்). மெக்கின்லி அலாஸ்கா பக்கமே போகாத ஜனாதிபதி.

ஆனால் சுதந்திரப் போராட்டத் தலைவர் பிரகாசத்தின் கதை வேறு. 1928-ல் சைமன் கமிஷனை எதிர்த்த போராட்டத்தில் இதே பாரிமுனைப் பக்கம், துப்பாக்கியோடு நின்ற போலீஸ் முன்னால் மார்பைத் திறந்து காட்டியவர் அவர். வேறு எந்தத் தெருவுக்கு அவர் பெயரை வைப்பது? இன்னொன்று, அந்தத் தெரு ஆரம்பத்தில் 'போப்ஹாம் பிராட்வே'. ஸ்டீபன் போப்ஹாம் என்ற வக்கீல் போட்ட தெரு. எந்த அரசாணையும் இல்லாமல் போப்ஹாமைக் கழற்றிவிட்டு பிராட்வேயை மட்டும் வைத்துக்கொண்டது நாம்தான். ஆட்டோவில் பிராட்வே என்றே சொல்லுங்கள், விலாசத்தில் பிரகாசம் சாலை என்று எழுதுங்கள், நானும் அப்படித்தான் காலம் தள்ளுகிறேன்.