ஆன்லைனில் வாங்கித் திருப்பி அனுப்பும் உடைகள் என்ன ஆகின்றன? மறுபடி விற்பார்களா?

நீங்களும் ஒரே உடையை மூன்று சைஸில் வரவழைத்து இரண்டைத் திருப்பியவராகத்தான் இருப்பீர்கள். குறை சொல்லவில்லை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் ரிட்டர்ன் குடோனில் மூன்று வருஷம் நின்றபடியே பை பிரித்தவள் என்பதால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

விற்பார்கள். எல்லாவற்றையும் அல்ல. பையைப் பிரித்ததும் முதலில் மோந்து பார்ப்போம். சிரிக்காதீர்கள், அதுதான் வேலை. அக்குளில் வியர்வை, காலரில் பவுடர், பாக்கெட்டில் கசங்கிய டிக்கெட். எதுவும் இல்லாமல் டேக்கும் அப்படியே இருந்தால் நீராவி காட்டி, மடித்து, புதுக் கவரில் போட்டு ஸ்டாக்கில் ஏற்றுவோம். மற்றவை லாட்டாகக் கட்டி எடைக்குப் போகும்.

ஒருநாள் ஒரு கம்பளிக் கோட் வந்தது. கறை இல்லை, வாசம் இல்லை, ஒரு பொத்தான்தான் காணோம். மாற்றுப் பொத்தான் உள்பக்க லேபிளிலேயே தைத்திருந்தது! ஊசி நூல் இருந்தால் இரண்டு நிமிஷம். "ஒரு துணிக்கு ஒன்றரை நிமிஷம்தான். குளிர்காலமும் முடிஞ்சாச்சு, யார் வாங்கப் போறா?" என்றார் சூப்பர்வைசர். லாட்டில் போட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால் திருப்புவதென்றால் டேக்கோடு மறுநாளே அனுப்பிவிடுங்கள். சீசன் போனால் நல்ல துணிக்கும் விலை கிடையாது.

எங்கள் இடத்தில் துணியை எரித்ததை நான் பார்த்ததில்லை. எல்லா இடமும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. ஆனால் பர்பெரி என்ற பிரிட்டிஷ் ஆடம்பர உடைக் கம்பெனி ஒரே வருஷத்தில் 2.86 கோடி பவுண்ட் மதிப்புள்ள சரக்கை அழித்தது 2018-ல் வெளியே வந்தது. அது விற்காத சரக்கு, ரிட்டர்ன் அல்ல என்று யாராவது கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய கம்பெனிகள் விற்காத உடையை அழிக்க 2026 ஜூலை 19 முதல் தடை. வாங்கியவர் மனம் மாறித் திருப்பியதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

"மறுசுழற்சி செய்யலாமே" என்பவர்களுக்கு: பருத்தியும் பாலியெஸ்டரும் இழுபடும் ஸ்பான்டெக்ஸ் இழையும் கலந்த துணியை மறுபடி நூலாகப் பிரிப்பது லேசல்ல. பெரும்பாலும் மெஷின் துடைக்கும் துணியாகத்தான் முடியும்.

இன்னொன்று. "துணி மடிக்கிற வேலைதானே" என்று என் சொந்தக்காரர்களே சொல்வார்கள். வழுக்கும் சாட்டின் சட்டையை ஒன்றரை நிமிஷத்தில் மடித்துக் காட்டட்டும். பத்து மணி நேரம் நிற்கிறோம், ஒரு ஸ்டூலாவது போடுங்கள் என்று மூன்று வருஷமும் கேட்டோம். உட்கார்ந்தால் வேகம் குறையுமாம்.