சூடாக்க முன்னமே ஓடும் பட்டைகள்: புதுக் கருவி வாங்கலாமா?

உப்புவெளியில் இருந்து ஒரு மாணவர் கேட்கிறார்: 10 செ.மீ அலுமினியக் கோல் சூட்டில் எவ்வளவு நீள்கிறது என்று லேசர் தலையீட்டுமானியால் (ஒரே லேசரின் இரு கதிர்கள் சேரும்போது தோன்றும் வெளிச்ச, இருள் பட்டைகளை எண்ணி நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) அளக்கிறேன். சூடாக்க முன்னமே பட்டைகள் ஓடுகின்றன. 'பட்டை ஓடாத' கருவி தருவதாகக் கொழும்பில் ஒரு தரகர் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அப்படி ஒரு கருவி கிடையாது.

அந்தக் கோல் 1 பாகை செல்சியஸ் சூடானால் 2.3 மைக்ரோமீற்றர் நீளும். ஹீலியம்-நியோன் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீற்றர். கோல் தள்ளும் கண்ணாடி அதில் பாதி நகர்ந்தாலே ஒரு பட்டை கடந்துவிடும். ஆக, 1 பாகைக்கு ஏழு பட்டை. இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பது நிலாவெளி வீதியில் போகிற லொறியை மட்டும் பார்க்காமல் விடுமா?

பட்டைகள் முன்னும் பின்னும் துடித்தால் அதிர்வு. நெளிந்தால் காற்று. ஒரே பக்கமாக ஊர்ந்தால் லேசரோ அடித்தட்டோ இன்னும் சூடாகிக்கொண்டிருக்கிறது. லேசரைப் போட்டு அரை மணி நேரமாவது விடுங்கள். ஃபானை நிறுத்துங்கள். கச்சான் காற்று வீசும் காலமென்றால் ஜன்னலையும் சாத்திவிட்டு, முழுவதையும் அட்டைப்பெட்டியால் மூடுங்கள். தட்டுக்கு அடியில் பாதி காற்றடித்த சைக்கிள் ரியூப் வையுங்கள். சூடேறும்போது எண்ணாதீர்கள், ஹீட்டரை நிறுத்தி, கோல் மெல்ல ஆறும்போது எண்ணுங்கள்.

இனி அந்தத் தரகர். இப்படி விற்கிற பெட்டிகள் சிலவற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது சாதாரண லேசர் பொயின்ரர். சூடாகும்போது அதன் அலைநீளமே மாறும். பிறகு எதை வைத்து நீளம் கணக்கிடுவது? மலிவான பச்சைப் பொயின்ரரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியலாம், பார்வைக்கே ஆபத்து. சான்றிதழ் காட்டினால் அதிலுள்ள தொடர் இலக்கம் கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள். கோலைச் சூடாக்காமல் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஆள் உங்கள் அழைப்பை எடுக்க மாட்டார்.

ஒரு விலக்கு உண்டு. இன்வார் கலப்புலோகத்தை அளப்பதானால் நான் சொன்னது போதாது. அதே நீளத்துக்கு 1 பாகைக்கு அது ஏறத்தாழ 0.12 மைக்ரோமீற்றர்தான் நீளும். அரைப் பட்டைகூட இல்லை. ஒளி போய்த் திரும்பும் 20 செ.மீ நீளக் காற்றுப்பாதை 1 பாகை சூடானாலே அரைப் பட்டைக்கு மேல் நகரும். காற்றின் கூத்து உலோகத்தின் கணக்கை விழுங்கிவிடும். அதற்கு வெற்றிட அறை வேண்டும், அப்புறம் பட்டையைப் பின்னமாக வாசிக்கிற உணரியும் வேண்டும். உங்கள் வேலை அலுமினியம். இன்வாரைத் தொட வேண்டாம்.

நல்ல லேசர் குழாய் ஒன்றை உங்கள் நிறுவனத்திடம் முறைப்படி கேட்டுப் பெறலாம்தான். ஆனால் மூன்று விலைமனு, நான்கு கையெழுத்து என்று கோப்பு சுற்றி முடிவதற்குள் விலைமனுவே காலாவதியாகிவிடும். பிறகு பிள்ளைகள் தரகரிடம் போகாமல் என்ன செய்வார்கள்? இப்போதைக்கு இருக்கிற குழாயோடு, பெட்டியை மூடி, ஃபானை நிறுத்திப் பாருங்கள்.